திறந்திருக்கும் பாலம்

ஏழாம் பக்கம் சொல்கிறது:
இரவில் பாலம் திறந்தே இருக்கும்.
முப்பத்தொன்றாம் பக்கம்:
இரவில் பாலம் திறக்கப்படாது.

சிவப்பு மையில் இரண்டையும் வட்டமிட்டேன்.
ஓரத்தில் 'முரண்' என்று எழுதினேன்.
சோதனைக்காரிக்குச் சம்பளமே அதற்குத்தான்.
பிரீஸ்லாந்தில் நவம்பர். நாலரைக்கே
விளக்குப் போட்டாயிற்று.

ஏழாம் பக்கம் நீன்கே எழுதியது. சாலைத் துறை.
சைக்கிளில் வந்தாள், ஈரக் காலுறையோடு.
மற்றது டவ்வே. கால்வாய்த் துறை.
"தெளிவாகத்தானே இருக்கிறது"
என்றார்கள் இருவரும்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

அறைக்குள் ஒன்றரை மணி நேரம்.
பிறகு பாலத்துக்கே கூட்டிப்போனேன்.

மணி அடித்தது. தடுப்புக்கட்டை இறங்கியது.
மணல் ஏற்றிய படகு ஒன்றுக்காக
சாலையின் ஒரு துண்டு
செங்குத்தாய் எழுந்து நின்றது மழையில்.
"பார், திறந்தாயிற்று" என்றார் டவ்வே.
"மூடிவிட்டார்களே" என்றாள் நீன்கே
அதே நொடியில்,
ஹேண்டில்பாரில் நெற்றியைச் சாய்த்து.

கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.

அப்படியானால் நான் வட்டமிட்டது முரணே இல்லை.
இரவில் தட்டு கீழேதான் கிடக்கும்.
ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள்,
எதிரெதிர்க் கரையில் நின்று.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான்.
பதினெட்டாம் பக்கம்.
வட்டமிடாமல் நான் புரட்டிப்போன பக்கம்.
இரு துறையும் கையெழுத்திட்ட ஒரே வரி:
பாலம் திறந்திருக்கும்போது
பச்சை விளக்கு எரிய வேண்டும்.

யாருக்கு?

நிரல் எழுதிய யெல்மர் வீட்டுப்படகில் குடியிருப்பவன்.
அந்த வரியைத் தண்ணீரிலிருந்து படித்திருக்கிறான்.
தட்டு வானத்தில் நிற்க,
சாலையிலும் பச்சை.
மூன்று வாரமாய் அந்தச் சோதனை
என் திரையில் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தது.
அதுவும் பச்சையில்.

'திற' என்ற சொல்லை
நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் அழித்தோம்.
தட்டு கிடக்கிறது. தட்டு நிமிர்ந்திருக்கிறது.
அவ்வளவுதான் இனி.
டவ்வே முகம் சுளித்தார்:
அப்பா காலத்திலிருந்து அவர்
பாலம் திறக்கிறவர்,
தட்டு நிமிர்த்துகிறவர் அல்ல.
நீன்கே கேட்டாள்:
"பாதி நிமிர்ந்திருந்தால்?"
யாரிடமும் பதில் இல்லை.
நாற்பதாம் பக்கத்தில்
'தேவையானால் மணி அடிக்கலாம்'
இன்னும் அப்படியே கிடக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில்
வேறொரு பாலம், வேறு யாரோ எழுதிய நிரல்.
பச்சை எரிந்தது.
பின்னால் ஒருவன் மணியடித்துத் திட்டினான்.
ஒரு காலை ஊன்றி
எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
மிதித்தேன்.