தாமதத்தின் காரணம்

மீன்வலை மிதவை ஒன்று.
குறுக்களவு ஒரு மீட்டர். ஆரஞ்சு நிறம், பாதி வெளுத்தது.
அதைப் பள்ளிக்கூடச் சுவரில் ஏற்றிக் கட்டிவிட்டு
'சூரியன்' என்றாள் மார்யுன்.
ஃபாரோவில், அதுவும் எங்கள் தீவில்,
மே மாதத்திலும் அசல் சூரியன் வருவது அபூர்வம்.
ஆகவே யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நான் படகில் கயிறு வீசுகிறவன்.
அக்கரைக்குப் போகும் பெட்டிகளை எண்ணுவதும் என் வேலை.
பதினொரு மணிப் படகுக்கு நேரம் இருந்ததால்
வேலியோரம் பிளாஸ்க்கோடு நின்று எல்லாம் பார்த்தேன்.

ஏழு பிள்ளைகள். பள்ளியே அவ்வளவுதான்.
இரண்டு காலடிக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு.
நாற்பத்திரண்டு மீட்டரில் ஒரு பார்லி மணி: புதன்.
எழுபத்தேழில் பட்டாணி: வெள்ளி.
நூற்றேழில், கல்சுவர் மேல், இன்னொரு பட்டாணி.
அதற்கு ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி
ஒற்றைக் கடுகு.
'நிலா மேல தும்மாதே' என்று
பேத்துரை அதட்டினாள் ரன்வா.

செவ்வாய்க்கு ஒரு மிளகு.
ஹியனுக்கோ காலடி சின்னது.
அவன் எண்ணிய முந்நூறு வேறு,
ரன்வா எண்ணிய முந்நூறு வேறு.
மிளகு முன்னும் பின்னும் போய்வந்து
சண்டை முடிவதற்குள்
சுவரை எட்டிய ஒரு செம்மறி
பூமியை நக்கித் தின்றுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை.
ஸனா மட்டும் மெதுவாகக் கேட்டாள்:
'இப்போ நாம எங்கே இருக்கோம்?'
மார்யுன் கோட்டுப் பையைத் துழாவி
அடுத்த பட்டாணியை எடுத்து வைத்தாள்.
நிலா தப்பித்திருந்தது.
கடுகு அந்த ஆட்டுக்குப் பிடிக்காது போல.

வியாழன் ஒரு கம்பளிநூல் உருண்டை,
கூட்டுறவுக் கடையின் ஜன்னலில்.
சனி, ஜாடி மூடியின் ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு
கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் பாதையின் கடைசிப் படியில்.
அதோடு தீவு தீர்ந்தது.
கோள்கள் தீரவில்லை.

யுரேனஸை சால்மன் பண்ணைக்காரன் வாங்கிப் போனான்,
மிதக்கும் கூண்டுக் கம்பியில் கட்ட.
நெப்டியூன் எங்கள் தலையில் விழுந்தது:
நீலச் சாயம் பூசிய சின்ன உருளைக்கிழங்கு.
சூரியனிலிருந்து மூவாயிரத்து இருநூற்று முப்பது மீட்டர்.
நடுக்கடல்.

'அங்கே நிறுத்தத் துறை கிடையாது' என்றான் மாலுமி யெக்வான்.
'நெப்டியூன்லயும் கிடையாது' என்றாள் ரன்வா.

சரக்குப் பட்டியலில் எழுதினேன்:
உருளைக்கிழங்கு, ஒன்று.
அவள் எட்டிப் பார்த்தாள்.
அடித்துவிட்டுத் திருத்தினேன்.

ஜிபிஎஸ்ஸில் எண்கள் ஏற, ஏழு தலைகள் அதன் மேல் கவிழ,
யெக்வான் இயந்திரத்தை அணைத்தான்.
பத்தொன்பது வருடமாய் இந்த நீரிணையைக் கடக்கிறேன்.
நடுவில் நின்றதில்லை.
மரப்பலகையில் அலை இப்படித் தட்டும் என்று
எனக்குத் தெரியாது.

அன்று மேகம் இரக்கப்பட்டிருந்தது.
பள்ளிக்கூடம் ஒரு வெள்ளைக் கீறல்.
அதில் ஆரஞ்சாக ஒரு புள்ளி,
இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்.

'அவ்ளோதானா சூரியன்?' என்றான் ஹியன்.
'அவ்வளவுதான்.'
'அப்போ இதுக்குக் குளிருமே.'
தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
நெப்டியூனை உள்ளே போட்டுக்கொண்டான்.
காற்றில் அவன் காதுகள் சிவந்தன.

பூமியை யாரும் தேடவில்லை.
தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
தெரியாத அந்தப் பட்டாணியில்
அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேனா என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

'அடுத்த நட்சத்திரம்?' பேத்துர் கேட்டான்.
உலகத்தின் மறுபக்கம் வரை கொண்டுபோனாலும்
இந்தக் கணக்குக்குத் தூரம் போதாது என்றாள் மார்யுன்.
'அதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க' என்று
யெக்வான் இயந்திரத்தை முடுக்கினான்.

அக்கரையில் ஒன்பது நிமிடம் பிந்திச் சேர்ந்தோம்.
பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
காற்று, பனிமூட்டம், இயந்திரக் கோளாறு
என்றுதான் இதுவரை எழுதியிருக்கிறேன்.
நெப்டியூன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அலுவலகத்திலிருந்து இன்னும் யாரும் கேட்கவில்லை.