தபால் தராசு

ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
பார்சல் நிறுக்கும் தராசில்
என் தூண்டிலைப் படுக்கவைத்தேன்.
மூன்று அவுன்ஸ், சொச்சம்.
கனத்த கல்யாணப் பத்திரிகை ஒன்று
இவ்வளவுதான் இருக்கும்.
வயோமிங்கின் இந்தச் சின்ன ஊரில்
பொய் சொல்லாத தராசு இது ஒன்றுதான்.

கழி, ஹார்க்னெஸ் வீட்டு வாசலில்
பழைய சாமான் விற்ற சனிக்கிழமை
ஏழு டாலருக்கு வாங்கியது.
ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகிவிட்டால்
ஒன்றரைச் சாண்.
முனை முறிந்திருந்தது;
நகப்பூச்சு ஊற்றி ஒட்டினேன். சிவப்பு.
வீட்டில் அந்த நிறம்தான் இருந்தது.
சக்கரம் கிடையாது.
வைட்டமின் டப்பாவின் வயிற்றைச் சுற்றி நரம்பு,
உள்ளே ஐந்து முள், பட்டாணியளவு ஈயம் இரண்டு,
ஒயின் தக்கையில் பாதி,
பக்கத்து வீட்டு நாயின் காதுமயிரில்
நானே கட்டிய ஈ மூன்று.
நாய் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் தபால்தலை வாங்க வந்த
தூண்டில் கடை கிளைவ்
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"இதைப் பார்த்தால் மீன் சிரிக்கும், மாட்டாது."
அவர் கடையில் ஒரு கழியின் விலைக்கு
என் வண்டிக்கு நான்கு டயர் போடலாம்.
போடவேண்டியும் இருக்கிறது.

பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது.
பல்துலக்கியின் காம்பை அறுத்தேன்.
வரைபடத்தில் நாங்கள் போகாத திசைகளைக் கத்தரித்தேன்.
தேயிலைப் பைகளின் நூலைக்கூடப் பிய்த்தெறிந்தேன்.
மைத்துனி பெரிட்டிடம் சொன்னேன்:
ஒரு குவளை, ஒரு கரண்டி,
அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.
சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்பாள்.

இரண்டு நாள் ஏற்றம்.
பின்தங்கிக்கொண்டே வந்தாள்.
பெரிட்டுக்கு வயசாகிறது என்று நினைத்தேன்,
என்னைவிட நான்கு வருடம் இளையவள்.

ஏரிக்குப் பெயரில்லை.
வரைபடத்தில் நீலத்தின் நடுவே
உயரம் மட்டும், அடிக்கணக்கில்.
ஜூலையிலும் வடகரையில் அழுக்குப் பனி.
காது நிறையக் கொசு.
நரம்பை வீசினேன்; காற்று திருப்பித் தந்தது.
மறுபடி வீசினேன்.
ஒரு ஈயைக் கல் பிடுங்கிக்கொண்டது,
இன்னொன்றை என் தொப்பி.

வெளிச்சம் சாய்ந்தபோது
சிவப்பு முனை
ஒருதரம் தலையாட்டியது.
பிறகு முழுச் சம்மதம்.

டிரவுட்.
முக்கால் முழம், கழுத்தடியில் குங்குமக் கீற்று.
குவளையில் இறக்கினேன்.
தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்,
குழந்தையின் தொட்டியில் குளிக்க உட்கார்ந்த
பெரிய மனிதர் மாதிரி.

பெரிட் ஒன்றும் பேசவில்லை.
பையின் அடியாழத்தில் கைவிட்டு
இரவுடையில் சுற்றிய வாணலியை எடுத்தாள்.
வார்ப்பிரும்பு.
கூடவே வெண்ணெய், உப்பு,
ஒரு முழு எலுமிச்சம்பழம்.

சோடா கேனில் செய்த என் அடுப்பின்மேல்
அது சூடேறவே இருபது நிமிடம் ஆனது.
அந்த இருபது நிமிடமும்
என் பல்துலக்கியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முள்வரை சப்பித் தின்றோம்.
கரடிக்குப் பயந்து
கூடாரத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி
மணலும் இருட்டுமாய்த் தேய்த்தோம்.

இறங்கும்போது வாணலி என் முதுகில்.
திங்கட்கிழமை முழுக்கத்
தராசு சும்மாதான் கிடந்தது.
நான் எடை பார்க்கவில்லை.