பதினோராவது மாசம்

வெளியான வரிசையில் பார்க்கணும் என்றாள் ரஷீதா.
கதை நடந்த வரிசையில் என்றேன் நான்.
முப்பத்தொரு படம், எட்டுத் தொடர்.
ஓசூர் சிப்காட் விடுதி, பதினேழாம் அறை,
ஆறு கட்டில், ஒரே சந்தா, என் போன்.
திரையில் கீறல்; எந்த நாயகன் வந்தாலும்
இடது கன்னத்தில் தழும்போடுதான் வருவான்.

வெளியான வரிசை என்றால்
மூன்றாம் படத்தில் கிழவனாய்ச் செத்தவன்
ஒன்பதாம் படத்தில் பள்ளிக்கூடம் போவான்.
லைனில் இப்படியா செய்கிறோம்?
முதலில் போர்டு, பிறகு திருகு, பிறகு மூடி.
மூடியை முதலில் மாட்டினால்
சூப்பர்வைசர் விடுவாளா?

ரஷீதா கேட்டாள்:
"உங்க வீட்டுக் கதைய எங்கிட்ட சொன்னியே,
பொறந்ததுல இருந்தா ஆரம்பிச்ச?
அப்பன் ஓடிப்போனதுல இருந்துதானே?"

நான் சார்ஜர் தேடப் போனேன்.

சம்பளச் சீட்டின் பின்பக்கம் அட்டவணை போட்டோம்.
ஞாயிறுக்கு ஒன்று.
ஓவர்டைம் ஞாயிறு, டேட்டா தீர்ந்த ஞாயிறு கழித்தால்
ஆடிப் பதினெட்டு தாண்டிவிடும்.

மேல்கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் நாகவேணி,
தேன்கனிக்கோட்டைக்காரி.
கோபம் வந்தால் கன்னடத்தில் பேசுவாள்.
அன்றைக்குத் தமிழில்தான் சொன்னாள்:
"எனக்குக் கார்த்திகையோட பதினோரு மாசம்."

பன்னிரண்டாவது மாசம்
எங்கள் ஒப்பந்தத்தில் யாருக்கும் இல்லை.

சீட்டைத் திருப்பிவைத்தேன்.
கேண்டீன் பிடித்தம், பஸ் பிடித்தம்.

கடைசிப் படத்தை முதலில் போட்டோம்.
யார் செத்தார்கள், யாருக்கு யார் என்ன உறவு,
ஒன்றும் தெரியாமல் ஆறு பேரும் அழுதோம்.
ரஷீதா மட்டும் சளி என்றாள்.
பச்சை உடுப்புக்காரி ஒருத்தி
கிழிந்த வானத்தைத் தைத்து மூடினாள்.
"யாருடி இவ?"
"தெரியல. முக்கியமானவ போல."

அடுத்த ஞாயிறு அதற்கு முந்தினது,
அப்புறம் அதற்கும் முந்தினது.
செத்தவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து வந்தார்கள்,
நாங்கள் கை தட்டினோம்.
நாகவேணி பெட்டி கட்டிய அன்று
இருபத்தாறாம் படம் பாதியில் நின்றது.

அவள் கட்டிலில் இப்போது ஓர் அரூர்க்காரி.
"எதுல இருந்துக்கா பாக்கணும்?" என்றாள்.
"உனக்கு எந்த மாசம் முடியுது?" என்றோம்
நாலைந்து பேர் ஒன்றாக.

நைட் ஷிப்ட் டீ இடைவேளையில் போன்.
ராகிக் களத்தில் காவல் இருக்கிறாளாம்,
பின்னால் நாய் குரைக்கிறது.
"அந்தப் பச்சை உடுப்புக்காரி
பொறந்துட்டாளா?"

இன்னும் இல்ல வேணி.
ஞாயித்துக்கெழம பாக்கறோம்,
டேட்டா மிச்சம் இருந்தா.