அம்புக்குறி

கிரிம்சல் கணவாய்க் கல்லைச்
செவ்வாய்க்கிழமை காலை அறுத்தேன்.
பேர்ன் நகரில், நிலத்துக்குக் கீழே இரண்டாம் தளம்.
வைர வாள், தண்ணீர்ப் பீச்சு, காதடைப்பான்.

ஒரு பக்கம் கிரானைட்,
உப்பும் மிளகும் கொட்டிக் கிடப்பதுபோல்
எந்தத் திசைக்கும் சாயாத மணிகள்.
நாலு விரல் தள்ளி அதே கிரானைட்
சாம்பல் ஏடுகளாய்,
மழையில் ஊறிக் காய்ந்த தொலைபேசிப் புத்தகம் மாதிரி.
இடையில் கோடு கிடையாது.
எங்கே ஒன்று முடிந்தது என்று
விரலால் தடவிப் பார்த்தேன். விரலுக்கும் தெரியவில்லை.

முப்பது மைக்ரோனுக்குத் தேய்த்தால்
கல்லுக்குள் வெளிச்சம் போகும்.

இருபது கிலோமீட்டர் ஆழம்,
நானூற்றைம்பது பாகைச் சூடு.
குவார்ட்ஸ் உருகவில்லை.
மாணவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்,
உருகவில்லை.
திண்மமாகவே இருந்துகொண்டு ஒழுகியது.
அணுவின் வரிசை ஒன்று அசைய,
அடுத்தது அசைய,
பெரிய மணி நொறுங்காமலே
குருணையாயிற்று.

ஃபெல்ட்ஸ்பார் மசியவில்லை.
கண்போல் உருண்டு கிடந்தது,
இருபுறமும் வால் இழுபட.
தண்ணீர் ஊறி வந்து அதன் விளிம்பையும்
காக்காப்பொன்னாக்கிவிட்டது.
காக்காப்பொன் வழுக்கும்.
வழுக்கிய இடத்திலேயே மறுபடியும் வழுக்கும்.

இவ்வளவு பெரிய மலையில்
ஏன் இந்த நாலு விரல் மட்டும் என்று
ரேட்டோ அப்பிளானல்பைக் கேட்டேன்.
ஆய்வுக்காக இதை முதுகில் சுமந்து இறக்கியவன்.
"முதலில் விரிசல்" என்றான் பாணைக் கடித்தபடி,
"மயிரிழைதான். அதற்குள் நீர்.
ஒழுக்கு அதற்குப் பிறகு."

தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது
பின்வரிசையில் ஒருவர் எழுந்து
"நம்முடைய கதையல்லவா இது" என்றார்.
கைதட்டல்.
இல்லை ஐயா.
கல் எதையும் விட்டுவிட்டு வரவில்லை.
அதற்கு இருந்தது அழுத்தம்,
துயரம் நீங்கள் கொண்டுவந்தது.

என் பிழைக்கு வருகிறேன்.
கல்லின்மேல் கறுப்பு மையில்
ரேட்டோ ஓர் அம்பு போட்டிருந்தான்:
இது வடக்கு, இது மேல்.
அம்பிருந்த ஓரத்தை அறுத்து
கழிவு வாளியில் எறிந்திருக்கிறேன்.
வாளி புதன்கிழமையே போய்விட்டது.

நுண்ணோக்கியில் கண் இருக்கிறது, வாலும் இருக்கிறது.
மேல்பாதி வலப்புறம் நகர்ந்திருக்கிறது.
வில்லையைப் புரட்டி வைத்தேன்.
இடப்புறம் நகர்ந்திருக்கிறது.

கணவாய் நேற்றுப் பனிக்கு அடைத்தாயிற்று.
ஜூன் வரை வழியில்லை.

ஐந்தரைக்கு அவன் வருவான்.
மிச்சக் கல்லைக் கையில் வைத்து
உருட்டி உருட்டிப் பார்க்கிறேன்.
எப்படிப் பிடித்தாலும்
ஏதோ ஒரு பக்கம் மேலே இருக்கிறது.