பதினான்கு நிமிடம்

நாலு நிமிடத்துக்கு ஒருமுறை
கொம்பிரசர் உறுமும்.
இருபத்துநாலு லிட்டர் தோம்பில்
அதற்குமேல் என்ன தங்கும்?
ஒரு மோட்டார் சைக்கிள் டேங்கின்
இடது கன்னம் பூசி முடிவதற்குள்
காற்று இளைத்துப் போகும்,
துப்பாக்கி எச்சில் துப்பும்,
வெள்ளிப் பூச்சில் அம்மைத் தழும்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் நவநீதன்.
கூலிம் கையுறைத் தொழிற்சாலையில்
இரவு ஷிப்ட் முடித்து
காலை எட்டுக்கு வந்து விழுந்தவர்.
ஒவ்வோர் உறுமலுக்கும்
கட்டில் முனகுவது எனக்குக் கேட்கும்.
ஒருநாளும் திட்டியதில்லை.
திட்டியிருந்தால் பதிலுக்கு
நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

பாடாங் செராய்ச் சந்தைக்குப் பின்னால்,
செம்பனை லோரிகள் திரும்புமிடத்தில்
ஆ கியோங்கின் பழைய இரும்புக் கடை.
"லோரி பிரேக் தோம்பு. அறுபது லிட்டர்.
லிட்டருக்கு ஒரு வெள்ளி, தங்கச்சி"
என்று தமிழில் சொன்னான்.
தமிழில் சொன்ன விலை இறங்காது;
மலாயில் பேசி
ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் அதன் வாய்வரை தண்ணீர் நிரப்பினேன்.
காற்றை விட்டுச் சோதிக்கக் கூடாது.
காற்று அடங்கி அடங்கி இருந்துவிட்டு
ஒருநாள் கூரையைக் கேட்கும்.
தண்ணீருக்கு அந்த வன்மம் கிடையாது,
விரிசல் கண்டால்
கொஞ்சம் அழுதுவிட்டு ஓய்ந்துவிடும்.

கிரீஸ் பம்பை மாட்டி அழுத்தினேன்.
ஆறு பார். எட்டு. ஒன்பதில்
முள் தயங்கிய நேரம்
பற்றவைத்த தையலோரம்
நூல்போல ஒரு நீர்க்கோடு
என் முழங்கையைத் தொட்டது.
போயிற்று ஐம்பது வெள்ளி.
காக் ரொஹானி வேலிமேல் எட்டி
"பூத்தொட்டியா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பாதியாக அறுத்துக் கொடுத்தது
இப்போது அவர் வீட்டு வாசலில்
லெங்குவாஸ் விட்டு நிற்கிறது.

இரண்டாவது தோம்பு
கால்வாயில் கவிழ்ந்த சிமெண்ட் லோரியுடையது.
நூறு வெள்ளி. பேரம் பேசவில்லை.
பன்னிரண்டு வரை ஏறிய முள்
அரைமணி நேரம் அசையவில்லை.
நானும்தான்.

புதுக் குழாய், பித்தளை மூட்டு,
அடியில் நீர் வடிக்க ஒரு திருகு,
அளவு மீறினால் சீறுகிற வால்வு.
அதை மட்டும் யாரிடமும்
பழசாக வாங்கக் கூடாது.

மாட்டிய முதல் இரவு, மூன்று மணிக்கு
யாரும் கேட்காமல் கொம்பிரசர் எழுந்தது.
அவர் வேலையில். நான் தனியாக.
போர்ச்சில் எவனோ குந்தி
என் காற்றைக் குடிப்பதுபோல் இருந்தது.
பாத்திரச் சோப்பை நுரைத்து
டார்ச் வெளிச்சத்தில் மூட்டுமூட்டாகத் தடவினேன்.
நாலாவதில்
கடுகளவு ஒரு குமிழி.
உளுந்தளவு.
பட்டாணி.
உடைந்து, மறுபடி கடுகு.
பால் குடித்த பிள்ளையின் உதட்டில்
வருமே, அப்படி.
சாவகாசமாகக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
காற்றை இறக்கி, மூட்டைக் கழற்றி,
வெள்ளை நாடா ஐந்து சுற்றுச் சுற்றி
இறுக்கினேன்.

கணக்குப் பார்த்தால்
காற்று ஒரு பிடியும் கூடவில்லை.
அதே மோட்டார், அதே மூச்சு.
நிரம்பவும் மூன்றரை மடங்கு நேரம்.
நூற்றைம்பது வெள்ளிக்கு நான் வாங்கியது
இடைவெளிதான்.
ஓர் உறுமலுக்கும் மறு உறுமலுக்கும் நடுவே
பதினான்கு நிமிடம்.

அந்தப் பதினான்கில்
தனசீலனின் ஆர்எக்ஸ்இசட் டேங்க் முழுவதும்,
இரண்டு கன்னமும் அடிவயிறும்,
ஒரே மூச்சில் பூசினேன்.
வந்து பார்த்தவன்
"கொசு ஒட்டியிருக்கு, அக்கா" என்றான்.
அதற்கும் சேர்த்துத்தான் விலை என்றேன்.

சாயங்காலம் அடித்திருகைத் திறந்தேன்.
அரைக் குவளைத் துருத் தண்ணீர்
காறி உமிழ்ந்தது தோம்பு.
பகலெல்லாம் காற்றென்று நான் அடைத்ததில்
கெடாவின் மழையும் இருந்திருக்கிறது.

நவநீதன் எழுந்து வந்தார்.
முகத்தில் தலையணைக் கோடு.
தேநீரை ஆற்றிக்கொண்டே
"இன்னிக்கு வேலை ஒண்ணும் வரலியா?
சத்தமே காணோம்" என்றார்.

கையை விரித்துக் காட்டினேன்.
பத்து விரலிலும் வெள்ளி.