அறுபது கிலோ

கார்கோ கட்டிடத்தில் உன்னை எடை போட்டார்கள்
தேவநேசா.
பெட்டியோடு நூற்றுப் பன்னிரண்டு.
சிவப்பு எண் துடித்து நின்றபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கம்பெனி ஆள் திரும்பி முறைத்தான்.

அவனுக்கு என்ன தெரியும்,
அறுபதுக்காக நீ பட்ட பாடு.
ஆகஸ்ட் மதியம்
ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் மாட்டி
சல்மாபாத் கராஜ் சந்துகளில் ஓடுவாய்,
தேய்ந்த டயர்களையும்
அதற்குள் தூங்கும் பூனைகளையும் தாண்டி.
அறைக்கு வந்து வாளியில் துப்பித் துப்பி
கடைசி நூறு கிராமைக் குறைக்கப் பார்ப்பாய்.
எங்களில் எவனாவது பிரியாணிப் பொட்டலம் பிரித்தால்
போர்வையை இழுத்து மூடிக்கொள்வாய்.

வெள்ளி இரவுகளில்
அலுமினியக் கடைக்குப் பின்னால், கிடங்கில்
நாலு கம்பம், லாரி கட்டும் கயிறு.
அதுதான் ரிங்.
மணி கிடையாது. வீல் ரிம் ஒன்றை
ஸ்பேனரால் தட்டுவது என் வேலை.
நடுவர், நேபாளத்து செக்யூரிட்டி டம்பர்.
ஜெயித்தால் பத்து தினார், ஒரு பெட்டி மாம்பழ ஜூஸ்.

பதினேழு சண்டை. ஜெயித்தது ஆறு.
செத்துப்போனாய் என்பதற்காக
நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை.
கானாக்காரனை வீழ்த்திய அன்று
'அவன் கால் வழுக்கிச்சு, இது கணக்கில்ல' என்று
கை தூக்கவிடாமல் இறங்கிப் போனவன் நீ.
அதைக் கழித்தால் ஐந்து.

தங்கவயல்காரன்.
தங்கத்தைக் கிட்டத்தில் பார்த்ததே
மனாமா கடைத்தெருவில்தான்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
கெசியாவுக்கு ஒரு ஜோடிக் கம்மல் விலை கேட்டபோது.
விலையைக் கேட்டுவிட்டு
மூக்கைத் தடவிக்கொண்டாய்,
குத்து வாங்கியவன் மாதிரி.

ராத்திரி பத்தானால்
அந்த மூணு வயசு உன்னோடு மோத வரும்.
போன் திரையில் அவள் குத்துவாள்.
நீ அலறி, பங்க் கட்டிலில் மல்லாக்க விழுவாய்.
'அவுட்டு! அப்பா அவுட்டு!'
தூக்கம் கெட்ட ஆறு பேரும் திட்டுவோம்.
நாக் அவுட் ஆகாத ஆள் என்று கிடங்கில் பேர் உனக்கு.
வீட்டுக்குத் தெரிந்த கணக்கு வேறு.

கீழே விழுந்தால்
அவசரப்பட்டு எழுந்திரிக்கக் கூடாது என்பாய்.
'எட்டு எண்ற வரைக்கும் படு மச்சான்,
சும்மா கிடைக்கிற ரெஸ்ட்டு.'
அதனால்தான்
அந்த ஜூன் காலையில், நாலரைக்கு,
உன் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தபோது
மேல் பங்க்கிலிருந்து நான்
எழுந்து பார்க்கவில்லை.
திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

இதயம் நின்றது என்று எழுதியிருந்தார்கள்.
இங்கே எல்லோருக்கும் அதையே எழுதுகிறார்கள்.
வயது முப்பத்தொன்று.

உன் சாமான்களுக்கு நான்தான் பட்டியல் போட்டேன்.
சட்டை நாலு. பைபிள் ஒன்று.
போன் ஒன்று, திரை உடைந்தது.
கிளவுஸ் ஒரு ஜோடி.
கவுண்டரில் இருந்தவன் அதற்குள் கை விட்டுப் பார்த்து
சட்டென்று எடுத்துக்கொண்டான்.
உள்ளே இன்னும் ஈரம்.
விலை என்ன போடட்டும் என்றான்.
கையில் சுற்றும் துணியை மட்டும் எழுதவில்லை.
நாலரை மீட்டர். துவைத்து
என் கட்டில் கம்பியில் போட்டிருக்கிறேன்.
காய்ந்து ஒரு மாதம் ஆகிறது.

நேற்று ஜெசிந்தா கூப்பிட்டாள்,
நிலுவைச் சம்பளம் பற்றிக் கேட்க.
பேசிக்கொண்டிருக்கும்போதே
கெசியா போனைப் பிடுங்கினாள்.
என்னை உற்றுப் பார்த்தாள்.
குத்தினாள்.

நான் என்ன செய்ய.
விழ எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை.
மறுபடி ஓங்கினாள்.
அப்போதுதான் கவனித்தேன்,
கட்டைவிரல் முஷ்டிக்குள்ளே இருந்தது.
'வெளிய வைடா தங்கம், ஒடஞ்சிடும்.'
இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்து
மெதுவாக வெளியே இழுத்து வைத்தாள்.
உதட்டைக் கடித்துக்கொண்டு, உன்னைப் போலவே.
பிறகு குத்தினாள்.

கீழ்க் கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பையன்
பலகையைத் தட்டிக் கேட்டான்:
என்னண்ணே, விழுந்துட்டீங்களா?