ஏழு விசில்

குக் என்றால் சமை.
குக் என்றால் நானும்தான்.
வேலைக்கும் வேலைக்காரிக்கும்
ஒரே சொல்லை வைத்து
வெள்ளைக்காரன் விறகை மிச்சம் பிடித்திருக்கிறான்.

கோத்தகிரியில் தபாலாபீஸ் மாடி.
செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு வகுப்பு.
ஹெப்சிபா டீச்சருக்கு என் மூத்தவள் வயது இருக்கும்.
வாரம் ஒரு வினைச்சொல். போன வாரம் பிரேக்:
கால் உடையும், வாக்கு உடையும்,
செய்திகூட உடையுமாம்.
இந்த வாரம் குக்.
"உங்க வாரம் பவுனக்கா" என்றார் டிரைவர் போஜன்.

வாட்ஸ் குக்கிங் என்று யாராவது கேட்டால்
என்ன குழம்பு என்று கேட்கவில்லை,
என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள்.
கதையையும் சமைப்பார்களாம்.
நாம் கதை கட்டுவோம், அளப்போம், விடுவோம்,
அடுப்பில் மட்டும் ஏற்றியதில்லை.
அவனுடைய வாத்து வெந்துவிட்டது என்றால்
அவன் தொலைந்தான்.
எழுதிக்கொண்டேன்.
வாத்து நான் சமைத்ததே இல்லை.

கடைசியாக, புத்தகத்தைச் சமைப்பது.
போஜன் சிரித்தார். "உப்பு போதுமா பாருங்க."
கணக்கு நோட்டில் தில்லுமுல்லு, அவ்வளவுதான்.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது டீச்சர் என்றேன்.
உன் பருப்பு இங்கே வேகாது.
அதை இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றாள்.
யுவர் தால் வில் நாட் குக் ஹியர்.
இலக்கணம் சரி,
ஆனால் லண்டனில் யாருக்கும் புரியாது என்றாள்.

இந்த மலையில் அடுப்பு மூட்டியவர்களுக்குப் புரியும்.
மேட்டுப்பாளையத்தில் மூன்று விசிலில் மசிகிற துவரை
இங்கே ஏழு விசிலுக்கும் பல்லில் இடறும்.
தண்ணீர் என்னமோ சீக்கிரமே கொதித்துவிடுகிறது,
சூடு முழுசாக ஏறுவதற்குள்,
என் வீட்டுக்காரர் மாதிரி.
கொதிக்கிறது வேறு. வேக வைக்கிறது வேறு.

வெள்ளிக்கிழமை லாட்ஜுக்கு
கோயமுத்தூரிலிருந்து ஆடிட்டர் வந்தார்.
நாலாம் மேஜை, ஜன்னல் ஓரம்.
ரசம் ஊற்ற நான் குனிந்தபோது
போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:
சம்படி ஹேஸ் குக்ட் த புக்ஸ்.

குக் என்ற சொல் காதில் விழுந்ததும்
ரசம் கொஞ்சம் மேஜைவிரிப்பில் விழுந்தது.
மேனேஜர் என் பக்கம் கையைக் காட்டினார்.
"கிச்சன் சாமான் எல்லாம் இந்தம்மா பொறுப்பு சார்."

மாசம் தொண்ணூறு கிலோ துவரம்பருப்பாம்.
பில் இருக்கிறதாம். கையெழுத்து இருக்கிறதாம்,
என் பேர் போட்டு, நான் போடாத கையெழுத்து.

பன்னிரண்டு அறை. மழை மாசத்தில் பாதிக்குப் பூட்டு.
ராத்திரியே ஊறப்போட்டால்தான் இந்த ஊரில் பருப்பு வேகும்.
தூங்கப் போகுமுன் மூன்று டம்ளர்,
கண்ணை மூடிக்கொண்டும் கை அளக்கும்.
இருபது கிலோவைத் தாண்டாது.

இத்தனையும் தமிழிலேயே சொல்லியிருக்கலாம்,
அவருக்கும் தமிழ்தான்.
வாயில் வந்தது இதுதான்:
சார், ஐ குக் தால். ஐ நாட் குக் புக்ஸ்.

நடுவில் ஒரு டோன்ட் விட்டுப்போச்சு.
டீச்சர் இருந்தால் சிவப்பு மை.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
கரண்டியை வைத்துவிட்டு
"உட்காருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்தேன்.
பதினோரு வருஷமாகத் துடைக்கிற நாற்காலி,
அதற்கு ஒரு கால் குட்டை என்று
உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.
டம்ளரைக் கொண்டுவரச் சொன்னார்.
பருப்பைக் கொட்டி அளந்து காட்டினேன்.
மேனேஜர் வாசலில் நின்று
போன் பேசுகிற மாதிரி
பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் கையில் போன் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு என்று போஜன் கேட்டார்.
இன்னும் ஊறுகிறது என்றேன்.

இந்த வாரம் கீப்.
பசுவை வைத்திருப்பது, வாக்கைக் காப்பது,
மீதிச் சில்லறையை நீயே வைத்துக்கொள் என்பது.
போர்டில் நாலாவதாக
கீப் கொயட் என்று எழுதினாள் டீச்சர்.
அதை யாரும் நோட்டில் எழுதவில்லை.
எங்கள் எல்லோருக்கும்
முன்னாடியே தெரியும்.